வலியறிதல்

பள்ளி விடுமுறை நெருங்கினால், பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல இயலுமா என்னும் வினா நடுத்தரக் குடும்பங்களில் எழுவது இயல்பு. எங்கள் இல்லத்தில் அது லெகோலாந்தைப் பற்றி எழுந்தது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஜொகூரில் திறக்கப்பெற்ற அப்பூங்கா, ஆசியாவின் முதல் லெகோலாந்து. மலாக்காவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

வருவாய் சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாவிடில் கேடில்லை என்பது குறள் நெறி. வள்ளுவர் அதனை வலியறிதல் அதிகாரத்தில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. எனவே, கணக்கை இளைய மகளிடமே ஒப்படைத்தேன். நுழைவுக் கட்டணம், நெடுஞ்சாலைச் சுங்கம், எரிநெய் ஆகியவற்றை எழுதினாள். இறுதியாக, வேடமணிந்த கதைமாந்தர் மேசைதோறும் வந்து கைகுலுக்கும் காலை விருந்தையும் சேர்த்தாள். கூட்டுத்தொகை கையிருப்பைக் கடந்தது.

"அப்பா, வேடத்துக்குள் இருப்பவர் நம்மோடு சாப்பிடுவாரா?" என்றாள்.

"மாட்டார், அம்மா. தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடியக் கூத்தாடியவர், கிரீடத்தைக் கழற்றிவிட்டு எங்கள் லயத்து வாசலில் எங்களோடு பழஞ்சோறு உண்டதுண்டு," என்றேன்.

எழுதுகோல் நெடுநேரம் நின்றது. பின்னர் அவ்வரியைத் தானே அடித்து, "பாகோ ஓய்விடத்தில் இட்டிலிப் பொட்டலம்" என்று எழுதினாள்.

இல்லத்தின் வலியைப் பிள்ளைகளிடம் மறைப்பதே அன்பெனக் கருதுகின்றோம். அதனை அறியச் செய்து, முடிவிலும் பங்களிப்பது அதனினும் பெரிய அன்பு.