இரண்டு சாவி

'சாவி' என்று சொன்னதும் உங்கள் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறதா? அப்படியானால் நீங்கள் நகரவாசி. இதே சொல்லைத் திருமானூர் பக்கம் கொள்ளிடக்கரையில் ஒரு விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு முகம் வாடிவிடும்.

பால் பிடிக்காமல் போன கதிருக்கு அங்கே சாவி என்று பெயர். பூக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனாலோ, தண்டுத் துளைப்பான் உள்ளே புகுந்தாலோ உமி இருக்கும், அரிசி இருக்காது. விளைந்த கதிர் தலை சாயும். சாவிக் கதிர் விறைப்பாக, வெளுப்பாக நிமிர்ந்து நிற்கும். தூரத்தில் பஸ்ஸில் போகிறவருக்கு அது அழகான வயல்! நெல்லுக்கு மட்டும் இல்லை, பெரம்பலூர் பக்கம் சோளத்துக்கும் இதே பேச்சுதான். "எப்படி இருக்கு வெள்ளாமை?" "எல்லாம் சாவிங்க." அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இந்தச் சாவி நம்ம வீட்டுப் பிள்ளை. 'சா' என்ற வேரிலிருந்து வந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தாலே தோன்றுகிறது. பூட்டைத் திறக்கிற சாவிதான் வந்தேறி. போர்த்துகீசியக்காரர்கள் ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் கொடுத்தபோது கூடவே கொடுத்த 'சாவெ'. வடக்கே போய் அதுவே 'சாபி' ஆனது. அதற்கு முன்னால் நாம் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கவில்லை. திறவுகோல் இருந்தது, தாழ்க்கோல் இருந்தது. மலையாளத்தில் இன்றும் தாக்கோல். யாழ்ப்பாணத்தில் 'திறப்பு' என்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான், அத்தனை லட்சணமான சொல்.

பத்திரிகைக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு சாவியும் உண்டு. 'வாஷிங்டனில் திருமணம்' எழுதிய சா.விஸ்வநாதன். அவர் கதை தனி.

போர்த்துகீசியச் சாவியின் அம்மா லத்தீன். பி.காம். படித்தவனுக்கு லத்தீன் என்றால் 'புரோ ரேட்டா', 'ஆட் வேலோரம்' அளவுதான். ஆனாலும் இந்தக் குடும்பக் கதை சுவாரசியமானது. லத்தீனில் 'கிளாவிஸ்'. ஆணியைக் குறிக்கும் 'கிளாவுஸ்' அதற்குச் சொந்தம். அந்த கிளாவிஸ் இத்தாலியில் 'கியாவே', ஸ்பெயினில் 'யாவே', பிரான்ஸில் 'க்ளே' ஆனது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் ஜாடையே தெரியாது. பொருளும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டது. தென்னமெரிக்காவில் யாவே என்றால் தண்ணீர்க் குழாயைத் திருகுவதும்தான். ஜெர்மனியில் 'கிளாவியர்' என்றால் பியானோ. நம் தோள்பட்டையில் இருக்கிறதே காறை எலும்பு, டாக்டர்கள் 'கிளாவிக்கிள்' என்பார்கள். குட்டிச் சாவி! 2025-ல் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கார்டினல்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்களே, அந்த 'கான்கிளேவ்'வுக்கும் 'சாவியோடு', அதாவது பூட்டி வைத்த அறை என்றுதான் அர்த்தம்.

பூட்டுச் சாவிக்கு ஜெர்மானியர் வைத்த சொல் வேறு. 'ஷ்லுஸ்ஸெல்'. மூடுவது என்ற வினையிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது மூடுகிற பொருள். நமக்கோ திறவுகோல், திறப்பு. ஒரே இரும்புத் துண்டு!

இதில் எனக்கு ஒரு ஆள் மேல் தனி ஆசை உண்டு. அரியலூரை 2001-ல் மாவட்டமாகத் திறந்து, 2002-ல் மூடி, 2007-ல் மறுபடி திறந்தார்கள் அல்லவா, அந்த மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். வீட்டில் கியாவே, பூசையில் கிளாவிஸ், சபையில் பழகிய போர்த்துகீசியத்தில் சாவெ. வெளியே வந்தால் சுற்றிலும் நெல் வயல். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று 1732-ல் சதுரகராதியில் ஒரு பகுதியையே ஒதுக்கியவர். அடைக்கல மாதா கோயில் வாசலில் நிற்கும்போதெல்லாம், இந்த இரண்டு சாவியும் அவர் காதில் ஒரே நாளில் விழுந்திருக்குமோ என்று யோசிப்பேன்.

ஒரே நாளில், ஒரே அறையில் விழுந்ததை நான் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன் செய்திக்காக ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பயிர் இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லை என்று ஒரு பெரியவர் வந்தார்.

"எல்லாம் சாவி சார்."

இளம் அதிகாரி. வெளியூர்க்காரர். "எந்த ரூம் சாவி?" என்றார்.

பெரியவர் சிரிக்கவில்லை. மஞ்சப் பையிலிருந்து ஒரு பிடி கதிரை எடுத்து மேஜையில் வைத்தார். அதிகாரி ஒரு நெல்லைக் கட்டை விரலால் நசுக்கினார். இன்னொன்றை எடுத்தார். உமி மட்டும்தான். நல்ல பையன், எழுந்து நின்றுவிட்டார்.

ஆனால் அவர் கையிலும் ஒன்றும் இல்லை. இந்த இன்ஷூரன்ஸில் பரவலான மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை செய்வார்கள். அதன் சராசரி குறைந்தால் ஊருக்கே பணம். குறையாவிட்டால் யாருக்கும் இல்லை. காமர்ஸ் படித்தவனுக்கு இதன் நியாயம் புரிகிறது. வயல் வயலாக ஏறி இறங்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. சராசரியில் எல்லாம் அடங்கும், சாவி ஒன்றைத் தவிர. அது தனி வயலின் விஷயம். வாய்க்கால் கடைசி மடையில் இருப்பவருக்கு வருவது, தலைமடைக்காரருக்கு வராது.

அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். பெரியவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கதிரைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"பக்கத்து வயலு வெளைஞ்சிருக்கு, எம் வயலு சாவி. ரெண்டையும் கூட்டி வகுக்கிறீங்க. சரிங்க சார், வகுத்துல எம் பங்கு நெல்லை யாரு வீட்டுல போய் நான் வாங்கிக்கறது?"