பழைய இரும்பில் ஒரு குழாய்க் கலப்பை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல உண்டு. அங்கிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே கவரப்பேட்டை, தச்சூர் தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் மேற்கே திரும்பினால் பெரியபாளையம். ஆரணியாற்றங்கரையில் மல்லிகையும் கீரையும் விளையும் மண். ஒரு பக்கம் இரும்பும் வெல்டிங் தெரிந்த கைகளும். இன்னொரு பக்கம் சொட்டுநீருக்குக் குழாய் புதைக்க வேண்டிய தோட்டங்கள்.

ஆள் வைத்துப் பள்ளம் எடுத்தால் கூலி கட்டாது. ஜேசிபி விட்டால் பள்ளம் தேவைக்கு மேல் அகலமாகி, அடிமண் மேலே வந்துவிடும். இரண்டுக்கும் மாற்று, டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஒற்றைக்கால் கலப்பை. உளிக்கலப்பைதான் இதற்குத் தாய். 40 செ.மீ. ஆழம் வரை கீறும் அந்தக் காலின் பின்புறம் வளைந்த இரும்புக் குழாய் ஒன்றைச் சேர்த்துவிட்டால், சுருளிலிருந்து வரும் ஹெச்.டி.பி.இ. குழாய் அதன் வழியே இறங்கிக் கீறலின் அடியில் படுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் நுனியை ஒரு முளையில் கட்டிவிட்டால் போதும். யோசனை பழசுதான். 1850 வாக்கில் இங்கிலாந்தில் ஜான் ஃபவுலர், வடிகாலுக்காக மரக்குழாய்களைக் கயிற்றில் கோத்து, கலப்பையின் பின்னால் மண்ணுக்குள் இழுத்துக் காட்டினார்.

பட்டறையில் தவறு நடப்பது பெரும்பாலும் இரும்பில்தான். லாரி ஸ்பிரிங் பட்டை தேய்மானம் தாங்கும். ஆனால் சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால் ஓரத்தில் விரிசல் விட்டு ஒடியும். கால் முழுக்க மைல்டு ஸ்டீல் தகடு, நுனிக்கு மட்டும் ஸ்பிரிங் பட்டை, அதுவும் போல்ட் போட்டு. கல்லில் மோதினால் முதலில் முறிய ஒரு மெல்லிய போல்ட் இருக்கட்டும், ஹைட்ராலிக் தப்பிக்கும். பின்குழாயின் வளைவு தாராளமாக இல்லாவிட்டால் உள்ளே போகும் குழாய் நசுங்கும்.

மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது, முதலில் குழாய் இல்லாமல் ஒரு முறை கீறிப் பார்ப்பது நல்லது. இணைப்புகளை மண்ணுக்குள் விடக் கூடாது. அந்த இடங்களில் மட்டும் குழி எடுத்து, தண்ணீர் விட்டு ஒழுகல் பார்த்த பிறகே மூட வேண்டும். 20 அடி பி.வி.சி. குழாய்க்கு இந்தக் கலப்பை உதவாது. அதற்குத் திறந்த பள்ளம்தான்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: கீறும் இடத்தில் ஏற்கெனவே யாருடைய குழாய் கிடக்கிறது? எண்ணூர் எல்.என்.ஜி. முனையத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கான எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் பெயரிலேயே திருவள்ளூர் இருக்கிறது. இப்படிப்பட்ட குழாய் போகும் நிலம், 1962-ம் ஆண்டுச் சட்டப்படி விவசாயிக்கே சொந்தம். பயிர் வைக்கலாம், ஆனால் கட்டடமும் கிணறும் மரமும் கூடாது. குழாய் ஆழத்தில்தான் கிடக்கும் என்று நம்பிக் காலை இறக்குவது ஆபத்து. மண் அரித்து மேல்மண் குறைந்திருக்கலாம். ஜேசிபி ஓட்டுபவராவது பள்ளத்தைப் பார்ப்பார். கலப்பைக் கால் குருட்டாம்போக்கில் போவது. அடையாளக் கம்பம் தெரிந்தால் அதிலுள்ள எண்ணுக்குப் பேசி, அவர்கள் ஆள் வந்து இடம் காட்டிய பிறகே டிராக்டரை நகர்த்த வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கேபிளுக்கு அந்தக் கம்பமும் கிடையாது. அதற்கு வரப்புக்காரரைத்தான் கேட்க வேண்டும்.