கொட்டகைக்குள் ஒரு போர் லாரி

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ லாரியைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் சரி செய்வது! தபால்தலை சேர்க்க ஒரு அலமாரி போதும். இதற்கு வீட்டின் பின்புறம் முழுவதும் வேண்டும். வீட்டில் உள்ளவர்களின் பொறுமையும் வேண்டும்.

இப்படித் தேடி வாங்கப்படும் லாரிகளில் ஒன்று ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் சி என்றால் 1941 மாடல். இரண்டாவது சி என்றால் வழக்கமான கேபின். கே என்றால் முன்சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும். டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு அச்சுகள், இரண்டையும் எஞ்சின் சுழற்றும். அவ்வளவுதான். சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர் 'ஜிம்மி'. 6 சிலிண்டர், 4.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். கரடுமுரடான தரையிலும் இரண்டரை டன் பாரம் இழுக்கும். போர் முடிவதற்குள் 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இது நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எஃகு தட்டுப்பாடு வந்ததும் பின்பாடியை மரப்பலகையில் செய்தார்கள். தகரக் கேபினுக்குப் பதில் கித்தான் கூரை போட்டார்கள். போர் முடியும்வரை ஓடினால் போதும் என்பதே கணக்கு. அப்படி அவசரமாகச் செய்த வண்டியைச் சரி செய்யத்தான் இன்று ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்!

வேலை எங்கே தொடங்கும்? பல வருடம் நின்ற எஞ்சின் இறுகிப் போயிருக்கும். அவசரப்பட்டு செல்ஃப் போட்டால் உள்ளே ஏதாவது உடையும். அதனால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சின்னச் சின்ன இரும்புப் பாகங்களின் துருவை எடுக்க சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் ஒரு பேட்டரி சார்ஜரும் போதும். துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை பாசிட்டிவிலும் இணைத்தால் துரு மெல்லக் கழன்று வரும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அதனால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஆபத்தும் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. டயரைப் பிடித்திருக்கும் லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது தெறித்து ஆளையே கொன்றுவிடும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். இந்த வண்டிக்கு மொத்தம் 10 டயர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையான சிக்கல் பெயிண்டைச் சுரண்டும்போதுதான் வருகிறது. போருக்குப் பிறகு இந்த லாரிகள் பல கைகள் மாறின. பிரான்ஸ் ராணுவம் பல ஆண்டுகள் ஓட்டியது. சில விவசாயிகளிடம் போயின, சில மரம் ஏற்றின, சில தீயணைப்பு வண்டிகளாயின. ஒரு நிறத்தின் அடியில் இன்னொரு நிறம். எல்லாவற்றுக்கும் கீழே, அதிர்ஷ்டம் இருந்தால், பானெட்டில் பழைய அமெரிக்க ராணுவ எண். இதில் எந்த அடுக்கு 'உண்மையான' லாரி? எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ராணுவப் பச்சை அடித்து, வெள்ளை நட்சத்திரம் வரைந்தால் வண்டி பளபளக்கும். ஆனால் நடுவில் அது வாழ்ந்த வாழ்க்கை அழிந்துவிடும்.

வண்டியில் தெரியாத இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் இரவு பகலாக லாரிகள் ஓடின. வேகமாக முன்னேறிய படைகளுக்குப் பெட்ரோலும் குண்டும் உணவும் கொண்டு போனது இதுதான். உச்சத்தில் கிட்டத்தட்ட 6,000 வாகனங்கள், ஒரே நாளில் 12,000 டன்னுக்கும் மேல் சரக்கு! ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோரைப் போர்முனைக்கு அனுப்பாமல் லாரி ஓட்டவும் மூட்டை தூக்கவும் வைத்தது அவர்களுடைய சொந்த ராணுவம். கறுப்பர் தனி, வெள்ளையர் தனி என்ற அந்த முறையை ஒழிக்கச் சொல்லி ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டது 1948-இல்தான்.

ஜூன் மாதத்தில் நார்மண்டிக்குப் போனால் பளபளக்கும் ஜிம்மிகளை வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் ஓட்டியவர்களின் கதை பெயிண்டில் வராது. வண்டி அந்தச் சாலையில் ஓடியதற்கு ஆதாரம் இல்லாமல் ரெட் பால் சின்னத்தை வரைவதும் வெறும் அலங்காரம்தான்.

அதனால் நல்ல மெக்கானிக்குகள் சிலவற்றைச் சரி செய்யாமல் விடுகிறார்கள். பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் பக்காவாக இருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் மட்கார்டில் ஒரு நசுங்கல், சீட்டுக்கு அடியில் பழைய பெயிண்டில் ஒரு கையளவு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சுரண்டும் முன் ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து வைக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வரும் ஒரு பையன் "இது ஏன் நசுங்கியிருக்கு?" என்று கேட்டால், அங்கிருந்து அந்த ஓட்டுநர்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம், இல்லையா?