உறைவதற்கு முன்

கனடாவின் அல்கொன்குவின் பூங்காவில், ஐப்பசி இறுதியின் அந்தியொன்றில், பீவர்கள் அணையிட்டு ஆக்கிய குளமொன்றின் கரையில் நின்றேன். மாரியென்றால் மழையென்றே அறிந்த நமக்கு அக்குளிர் புதிது. வாத்துகள் பெரும்பாலும் தெற்கே சென்றுவிட்டன. பீவரோ புலம்பெயர்வதுமில்லை, மாரி முழுவதும் உறங்கிக் கிடப்பதுமில்லை. குளம் உறைந்தபின் அதற்கு உணவு, இப்போது நீரடியில் அடுக்கும் கிளைகளின் பட்டையே. மனைமீது அது பூசும் சேறு உறைந்து இறுகினால் ஓநாயாலும் அகழ்தல் அரிது. வாயிலோ நீருக்குள் மறைந்திருக்கும். கஸ்தூரி எலிகளும் சிலவேளை அங்கே ஒண்டிக்கொள்வதுண்டு; வாடகை கேட்பாரில்லை. அஞ்சத்தக்கது நீர்நாயே. அது அணையைக் குடைந்தால் நீர் வடியும், வாயில் வெளிப்பட்டுவிடும்.

கரையோரத்தில் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது. பீவர் அதை உடைத்துக்கொண்டு இன்னொரு கிளையை இழுத்துச் சென்றது.