கால் தூக்கிக் கொடுத்த குட்டி

சென்ற மாதம் ஒரு விவசாயி அலுவலகத்துக்கு வந்திருந்தார். நிலக்கடலை விதை பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார். "ஏனுங்க சார், வீட்ல ஒன்றரை வயசுக் குதிரைக்குட்டி ஒண்ணு நிக்குது. கிட்டவே விடறதில்லீங்க. மாட்டுக்குக் குத்தற மாதிரி மூக்கணாங்கயிறு குத்திரலாங்களா?" என்று கேட்டார்.

கூடவே கூடாது என்றேன். குதிரை வாயால் மூச்சு விடாது. அதற்கு மூக்கு ஒன்றுதான் வழி. அந்த மூக்கைப் புண்ணாக்கி அடக்க நினைப்பது பாவம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அவரை உட்கார வைத்து என் வீட்டுக் கதையைச் சொன்னேன். குதிரை, மட்டக்குதிரை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதையே இங்கே எழுதுகிறேன். நான் படித்தது வேளாண்மை. கால்நடை மருத்துவம் அல்ல. இது பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆறு வருடங்களுக்கு முன், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் என் தம்பி ஒரு பெட்டைக்குட்டி வாங்கி வந்தான். ஒன்றரை வயது. தாயோடு திறந்த காட்டில் வளர்ந்தது. மனிதக் கை பட்டதே இல்லை. வண்டியிலிருந்து இறக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. "ரெண்டு போடு போட்டாத்தான்டா அடங்கும்" என்று சொன்னவன் நான்தான். குதிரை பழக்குகிறேன் என்று வந்த ஒருவரை ஏற்பாடு செய்ததும் நான்தான். அவர் காலைக் கட்டிப்போட்டு இரண்டு நாள் அடித்தார். அதன்பின் ஆள் நிழல் விழுந்தாலே குட்டி நடுங்கியது. மூன்றாம் வாரம், தீவனம் வைக்கப் பின்பக்கமாகப் போன தம்பியை உதைத்துவிட்டது. விலா எலும்பு இரண்டில் விரிசல்.

"ஏர் ஓட்டாது, பால் கறக்காது, ஆளைத்தான் ஒடைக்கும். வித்துப்போடுங்க" என்றார் அம்மா. உதைக்கிற குதிரையை நல்லவன் யாரும் வாங்கமாட்டான். வாங்குகிறவன் மேலும் அடிப்பான். தம்பி படுக்கையில் கிடந்தான். யோசனை சொன்ன குற்றம் என்னுடையது என்பதால், 15 நாள் ஈட்டிய விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன்.

கொறங்காட்டு மூலையில் கிளுவை வேலியை ஒட்டி மூங்கில் கட்டி ஒரு சின்னப் பட்டி போட்டோம். முதல் மூன்று நாள் நான் எதுவும் செய்யவில்லை. காலையும் மாலையும் பட்டிக்குள் போய் ஓரமாக நின்றேன். நின்றதில் ஒன்று புரிந்தது. குதிரை சண்டைக்கார மிருகமல்ல. ஓடிப் பிழைக்கிற மிருகம். ஓட வழியில்லாதபோதுதான் உதைக்கும், கடிக்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னே கொஞ்ச தூரமும் அதற்குத் தெரியாது. தம்பி போனது அந்தத் தெரியாத இடத்தில். தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

நாலாம் நாள் இரண்டு அடி நெருங்குவேன். அது தலையைத் தூக்கினால் நிற்பேன். காதை என் பக்கம் திருப்பி அமைதியாகப் பார்த்தால் உடனே பின்வாங்குவேன். அந்தக் குட்டிக்குக் கொள்ளைவிடப் பெரிய கூலி, நாம் விலகிப் போவதுதான். அமைதியாக நின்றால் ஆள் விலகிவிடுவான் என்று தெரிந்ததும் அது ஓடுவதை நிறுத்தியது. ஆறாம் நாள் என் புறங்கையை முகர்ந்தது. எட்டாம் நாள் தோளைத் தொட்டேன். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துவிட்டால் தலையைத் தாழ்த்தி நின்றது.

பிறகு தலைக்கயிறு. 12 அடிப் பருத்திக் கயிறு வைத்துக்கொண்டேன். நைலான் கயிறு கையை அறுத்துவிடும். எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. கட்டும்போது நுனியை இழுத்தால் உடனே அவிழும்படி முடிச்சுப் போட வேண்டும். நேராக முன்னால் இழுத்தால் குதிரை நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். சற்றுப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் ஒரு அடி வைத்தே ஆக வேண்டும். வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இழுப்பதில் அது பாடம் படிப்பதில்லை, தளர்த்துவதில்தான் படிக்கிறது. ஒரு வேளைக்கு 15 நிமிடம் போதும்.

பன்னிரண்டாம் நாள் நான் தவறு செய்தேன். ஆசையாகக் கையில் வெல்லம் கொடுத்துப் பழக்கியிருந்தேன். அது சட்டைப் பையைத் துழாவ ஆரம்பித்து, அன்று கையைக் கடித்துவிட்டது. கோபத்தில் முகத்தில் ஓங்கி அறைந்தேன். மறுநாளிலிருந்து நான் கையைத் தூக்கினாலே தலையை வீசிக்கொண்டு ஓடியது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. படலுக்கு அப்பால் நின்று பார்த்த அம்மா, "வெவசாயிங்களுக்கும் நீ இப்படித்தான் சொல்லித் தர்றியா? ஒருக்காச் சொல்லிக் கேக்கலீன்னா கோவம் வந்துருமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அதன்பின் வெல்லமும் கொள்ளும் வாளியில் மட்டும்தான். மேலே வந்து இடித்தால் கயிற்றை ஆட்டிப் பின்னுக்கு நகர்த்தி, ஒரு கை தூரத்தில் நிற்க வைப்பேன். படல் திறந்தாலும், நான் சொன்ன பிறகுதான் வெளியே வர வேண்டும்.

விடுப்பு முடிந்தபின், விடியற்காலையில் வந்து பழக்கிவிட்டு அலுவலகம் போனேன். கடைசிப் பாடம் கால். பின்காலை முதலிலேயே கையால் தொடவில்லை. நீளமான மூங்கில் குச்சி நுனியில் துணி சுற்றி, அதனால் தடவினேன். உதைத்தால் உதைக்கட்டும், துணியை எடுக்கவில்லை. கால் நின்றதும் எடுத்தேன். அது பழகிய பிறகே கை. முன்கால் என்றால் தோளிலிருந்தும், பின்கால் என்றால் இடுப்பிலிருந்தும் தடவிக்கொண்டே இறங்கி, இரண்டு நொடி தூக்கி, அது பிடுங்குவதற்குள் நானே கீழே வைப்பேன். நாலு காலும் தூக்கிக் கொடுக்க 40 நாள் ஆனது. அதற்குள் தம்பியும் எழுந்து வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த மாசியில் ஒரு காலை குட்டி நொண்டியது. தம்பி காலைத் தூக்கிப் பார்த்தால், குளம்பின் அடியில் துருப்பிடித்த ஆணி. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தோம். "பிடுங்காதீங்க, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்குன்னு நான் பார்க்கணும்" என்றார். அவர் வந்தபோது தம்பி கயிற்றைப் பிடிக்க, நான் காலைத் தூக்கினேன். ஆணியை எடுத்து, கழுவி, மருந்து வைத்து, ரணஜன்னி வராமலிருக்க ஊசியும் போட்டார். அதுவரை குட்டி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ரணஜன்னி குதிரையைத் தாக்குவதுபோல மற்ற கால்நடைகளைத் தாக்காது. வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. காலே கொடுக்காத குதிரையாக இருந்திருந்தால், ஆணி இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன். சவாரி, வண்டி எல்லாம் பிறகு. எலும்பு முற்றாத குட்டிமேல் பாரம் ஏற்றவே வேண்டாம். முதலில் நிற்க, நடக்க, விலக, கால் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். பழகும்வரை குழந்தைகளைத் தனியாகக் கிட்டே விடாதீர்கள். ரணஜன்னித் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

அலுவலகத்துக்கு வந்தவரிடம், "மூணு நாள் பட்டிக்குள்ள சும்மா போய் நில்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். "சும்மாவாங்க?" என்று சந்தேகமாகத்தான் போனார். போன வாரம் போன் செய்தார். "சார், இன்னைக்கு என் துண்டை மோந்து பாத்துச்சுங்க. உடனே கயித்தப் போட்டறலாங்களா?"

"வேண்டாங்க. இன்னைக்கு அதோட நிறுத்திட்டு வெளிய வந்துருங்க" என்றேன்.