போருக்குத் தப்பின வீடு

1/ புதுச்சேரி போனா பீச்சோட திரும்பிடாதீங்க. பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை தெருவுல ஒரு வீடு இருக்கு. துப்ளேக்சுக்குத் துபாஷியா இருந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1738-ல் கட்டி முடிச்சது.

2/ கீழே நம்ம ஊர் பாணி: முற்றம், மரத்தூண். மாடியில பிரெஞ்சு பாணித் தூண்கள். 1736 முதல் 1761 வரை தமிழ்ல நாட்குறிப்பு எழுதின மனுஷனோட வீடு.

3/ அவர் இறந்தது 1761 ஜனவரி 12. நாலே நாள்ல ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. ஊரையே இடிச்சுத் தள்ளினாங்க. இந்த வீடு இன்னும் நிக்குது.

4/ போருக்குத் தப்பினது மழைக்கும் தப்பும்னு சொல்ல முடியாது. அதே ஊர்ல பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு. பழைய கட்டடம் ஒரே நாள்ல சாகறதில்ல. ஒரு விரிசல், அதுல ஒரு அரசஞ்செடி, தண்ணி இறங்கி உத்திரம் உளுத்துப்போகும். ஓ.பி.ல தினமும் பார்க்கிற பிரஷர் மாதிரிதான். வலிக்காது. திடீர்னு ஒருநாள் சாய்க்கும்.

5/ அம்பகரத்தூர்ல எங்க தாத்தாவோட ஓட்டு வீட்டுக்கு ஏழு பங்காளிங்க. மனையா வித்துடலாம்ங்கிறார் பெரியப்பா. என் கல்யாணம் நடந்த முற்றம்ங்கிறாங்க அத்தை. ரெண்டும் நியாயம். நான் கேட்டது ஒண்ணுதான்: முடிவாகறவரைக்கும் உடைஞ்ச ஓட்டையாவது மாத்தலாமா? ஐப்பசிக்கு முன்னாடி மாத்தியாச்சு. செலவு ஏழு பங்கு.

6/ உங்க ஊர்லயும் பூட்டிக் கிடக்கிற வீடு இருந்தா, மழைக்கு முன்னாடி ஆள் விட்டுக் கூரையைப் பாருங்க. செடியை வேரோட எடுக்கச் சொல்லுங்க. விக்கிறதா வச்சுக்கிறதாங்கிற பஞ்சாயத்தை அப்புறம் பேசிக்கலாம்.