பளபளப்பு போதும்னு நினைச்சோம்



நவராத்திரி நெருங்கிடுச்சு. ஆயுத பூஜைக்கு வண்டி கொண்டு வர்றவங்களுக்கான அறிவிப்பை மற்ற தொண்டர்கள் போடுவாங்க. நாங்கள் எழுத வந்தது வேற விஷயம்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வெளியே வரும்போது ஒரு பக்தர் கேட்டார்: "அண்ணே, வீட்டுல பழைய சைக்கிள் இருக்கு. நல்லா பெயிண்ட் அடிச்சு, துடைச்சு வெச்சிருக்கோம். நீங்க ஒண்ணும் பார்க்க வேணாம், அப்படியே யாராவது பிள்ளைக்குக் குடுத்திடுங்க." பார்க்காம கொடுக்க மாட்டோம்னு சொன்னோம். அவர் முகம் கொஞ்சம் வாடிப் போச்சு. அவருக்கும், இனி சைக்கிள் கொண்டு வரப்போற எல்லாருக்கும் காரணத்தைச் சொல்லிடணும்னு தோணிச்சு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

நாங்கள்னா புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும்தான். சுங்கை பட்டாணியில இருக்கோம். இரண்டு பேரும் ஒரே ஃபேக்டரி. ஒருத்தர் சூப்பர்வைசர், ஒருத்தர் பேக்கிங். இரண்டு பேருமே தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க. லயத்துல சைக்கிள் பஞ்சர் ஆனா கடைக்கா போனோம்? அப்பாமார்கள் டயரைக் கழற்றுறது சாப்பாட்டுக் கரண்டியிலதான். அதைப் பார்த்தே வளர்ந்ததால, சைக்கிள் வேலை நமக்குத் தெரியும்ங்கிற நினைப்பு எங்களுக்கு எப்பவும் உண்டு. அந்த நினைப்புதான் எங்களை ஏமாத்துச்சு.

மூணு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. எங்க மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அவன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டின 24 இஞ்ச் சைக்கிள் வீட்டுப் பின்பக்கம் சுவத்துல பல வருஷமா தொங்கிக்கிட்டே இருந்துச்சு. கோயில் தேவார வகுப்புக்கு வர்ற ஒரு பையன் தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போறான்னு தெரிய வந்தது. அம்மா மட்டும்தான். அவங்களும் காலையில அஞ்சரைக்கே வேலை பஸ் ஏறிடுவாங்க. மகனுடைய சைக்கிளை அந்தப் பையனுக்குக் கொடுத்திடலாம்னு முடிவு பண்ணோம்.

இரண்டு ஞாயித்துக்கிழமை போர்ச்சுல உக்காந்து வேலை செஞ்சோம். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்ச்சோம். ஸ்பிரே பெயிண்ட் வாங்கி நீலம் அடிச்சோம். புது டியூப், புது டயர் போட்டோம். ரிம்முல இருந்த துருவை, அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சுத் தேய்ச்சு எடுத்தோம். இது நல்ல முறை, குரோம் பூச்சு கீறாம வரும். அதோட விட்டிருக்கலாம். இன்னும் பளபளன்னு இருக்கட்டுமேன்னு, துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயைத் துணியில தொட்டு ரிம் முழுக்கத் துடைச்சோம். வெள்ளிக்கிழமை தவறாம குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை. ரிம்மும் விளக்கு மாதிரியே மின்னுச்சு. பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பெருமை.

ஆயுத பூஜை அன்னைக்குக் கோயிலுக்குக் கொண்டு போய், சந்தனம் குங்குமம் வெச்சு, பூ சுத்தி, அம்மன் முன்னால பையன் கையில கொடுத்தோம். எல்லாரும் படம் எடுத்தாங்க. நாங்களும் எடுத்தோம்.

அதுக்கப்புறம் பதினஞ்சு நாள்கூட ஆகலை. தீபாவளிக்கு முந்தின வாரம், சாயங்கால மழை. எங்க தாமான் பக்கம் ஒரு இறக்கம் இருக்கு. முடியுற இடத்துல ரோடு திரும்பும். பையன் பிரேக்கைப் பிடிச்சிருக்கான், சைக்கிள் நிக்கலை. திரும்ப முடியாம நேரா லோங்காங்குக்குள்ள விழுந்துட்டான். இடது கை எலும்புல விரிசல். அஞ்சு வாரம் மாவுக்கட்டு. அந்தத் தீபாவளிக்கு அவன் புதுச்சட்டையில கை நுழையலை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவன் அம்மா எங்களை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். அவங்க சொன்னது இதுதான்: "அக்கா, கோயில்ல குடுத்ததுன்னு நம்பி விட்டேன்." அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல சோறு இறங்கலை.

மறுநாள் அந்தச் சைக்கிளைத் தூக்கிக்கிட்டு சந்தைப் பக்கம் இருக்கிற சைக்கிள் கடை சீன அங்கிளிடம் போனோம். அவர் எதையும் கழற்றலை. ரிம்முல விரலை வெச்சு ஒரு இழு இழுத்தார். மோந்து பார்த்தார். "மின்யாக்" அப்படின்னார். எண்ணெய். அப்புறம் பிரேக் கட்டையை நகத்தால அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவே இல்லை, கல்லு மாதிரி. பல வருஷம் வெயில்ல தொங்கின ரப்பர் வேற எப்படி இருக்கும்? பிரேக் பிடிக்கிறதே ரப்பர் ரிம்மை உரசுறதாலதான். அந்த இடத்துல எண்ணெய், காய்ஞ்சு போன ரப்பர், மேல மழைத்தண்ணி. அதுவும் குரோம் பூசின இரும்பு ரிம், நனைஞ்சா சாதாரணமாவே வழுக்கும். அங்கிள் மலாயில ஒண்ணு சொன்னார். தமிழ்ல சொல்லணும்னா: "பெயிண்ட் ரொம்ப அழகா இருக்கு. ஓட்டுறது யாரு, பெயிண்டா?"

எங்க ஃபேக்டரியில ஒரு பெட்டி வெளியே போகணும்னா க்யூ.சி. கையெழுத்து வேணும். யாரோ முகம் தெரியாத ஊருக்குப் போற சாமானுக்கே அவ்வளவு பார்க்கிறோம். நமக்குத் தெரிஞ்ச பிள்ளை, சாமி முன்னால வாங்கின சைக்கிள். அதை நாங்கள் போர்ச்சுல இரண்டு சுத்து தள்ளிப் பார்த்ததோட சரி. தானம்தானே, இது போதும்னு மனசுக்குள்ள எங்கேயோ இருந்திருக்கு. அதை இப்போ ஒத்துக்கிறோம்.

அதுக்கப்புறம் பெயிண்ட்டை ஓரமா வெச்சிட்டு, வேலையை முதல்ல இருந்து கத்துக்கிட்டோம். அங்கிள் கடையில சனிக்கிழமை சாயங்காலம் நின்னு பார்த்தோம். இப்போ எங்க வீட்டுக்கு எந்தச் சைக்கிள் வந்தாலும் இந்த வரிசையிலதான் வேலை. உங்க வீட்டுச் சைக்கிளுக்கும் இதைச் செய்யலாம். பெரிய சாமான் எதுவும் வேணாம்.

முதல்ல பிரேக். கட்டை நகத்துக்கு இறங்கலைன்னா யோசிக்காம மாத்திடுங்க, சில வெள்ளிதான். எண்ணெய் குடிச்ச கட்டையையும் தேய்ச்சுப் பயன்படுத்த வேணாம், மாத்துறதுதான் நல்லது. கட்டை ரிம்மை மட்டும் தொடணும். டயரைத் தொட்டா டயரை அறுத்திடும். கேபிள்ல ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் புதுசு போடுங்க. கைப்பிடியை முழுசா அழுத்தும்போது அது ஹேண்டில்பாரை முட்டக்கூடாது, இரண்டு விரல் நுழையுற இடம் மிச்சம் இருக்கணும். ரிம்மை ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியில துடைங்க. எண்ணெய், மெழுகு எதுவும் ரிம் பக்கமே போகக்கூடாது.

அடுத்தது சக்கரம். சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, சக்கரத்தைச் சுத்திவிட்டு, ஃபிரேம்ல விரலை வெச்சுப் பாருங்க. மணல் அரைபடுற மாதிரி விரலுக்குத் தெரிஞ்சா உள்ளே கிரீஸ் காய்ஞ்சிருச்சுன்னு அர்த்தம். பிரிச்சா, முன் சக்கரத்துல பொதுவா ஒரு பக்கத்துக்குப் பத்து சின்ன பேரிங் குண்டு, பின் சக்கரத்துல ஒரு பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டு இருக்கும். கழற்றும்போதே எண்ணிக் கிண்ணத்துல போடுங்க. எங்க வீட்டுல அந்த எண்ணிக்கை வீட்டம்மா பொறுப்பு. ஒண்ணு உருண்டு போனாலும் போர்ச்சு முழுக்கத் தேடாம விடமாட்டாங்க. மண்ணெண்ணெய்ல கழுவி, காயவெச்சு, புது கிரீஸ் வெச்சு மூடணும். ரொம்ப இறுக்கினா உள்ளே அரைக்கும், தளர்ந்தா சக்கரம் ஆடும்.

கும்பாபிஷேகத்துக்கு கோபுரத்துல வர்ணம் அடிக்கிறதைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். ஆனா சிலையைப் பீடத்தோட பிடிச்சு வெச்சிருக்கிறது அடியில சாத்துற அஷ்டபந்தன மருந்து. அது யார் கண்ணுக்கும் படாது. சைக்கிளுக்கு இந்தக் கிரீஸும் அப்படித்தான்.

மூணாவது செயின். ஒரு அடி ஸ்கேலை எடுத்து ஒரு பின்னோட நடுவுல வைங்க. புதுச் செயின்னா சரியா 12 இஞ்ச்ல இன்னொரு பின்னோட நடு வந்து நிக்கும். அது கால்வாசி இஞ்ச்ல பாதி, அதாவது எட்டுல ஒரு பங்கு இஞ்ச் தள்ளிப் போயிருந்தா செயின் தேய்ஞ்சாச்சு, மாத்தணும். சமையல் எண்ணெய் விட வேணாம், கொஞ்ச நாள்ல பிசின் மாதிரி ஒட்டிக்கும். செயின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கத்தைத் துடைச்சிடுங்க. வெளியே இருக்கிற எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும்.

நாலாவது பெடல். வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர் மரை, கடிகார முள் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும். எங்க அப்பா சின்ன வயசுல சொன்னதை மறந்துட்டு, தப்புப் பக்கமா ஸ்பேனரை அமுக்கி விரல் முட்டியைக் கிழிச்சுக்கிட்டோம். நீங்களாவது நினைவு வெச்சுக்குங்க.

டயர் காத்து எவ்வளவுன்னு டயர் பக்கவாட்டுலயே அச்சடிச்சிருக்கும். பஞ்சர் ஒட்டுறவங்க, டியூபை உள்ளே போடுறதுக்கு முன்னால டயரோட உள்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க. முள்ளோ கம்பியோ அங்கேயே இருக்கும். அதை எடுக்காம ஒட்டினா மறுநாளே மறுபடியும் பஞ்சர்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் எங்க கடைசிச் சோதனை. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு சைக்கிளை முன்னால தள்ளுவோம், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பணும். பின் பிரேக்கைப் பிடிச்சுத் தள்ளினா சக்கரம் உருளாம இழுபடணும். அப்புறம் இரண்டு ரிம்முலயும் ஒரு வாளி தண்ணி ஊத்துவோம். ஈரத்தோட எங்களில் ஒருத்தர் வீட்டு முன் ரோட்டுல ஓட்டிப் பிரேக் பிடிப்போம். ஐம்பது வயசுக்கு மேல பிள்ளைங்க சைக்கிள்ல உக்காந்து போறதைப் பார்த்து அண்டை வீட்டுக்காரங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அது நிக்கிற விதம் எங்களுக்குப் பிடிச்சாத்தான் கோயிலுக்குப் போகும். வாங்குற பிள்ளைக்கும் சொல்லித்தருவோம்: மழையில பிரேக்கை முன்னாடியே லேசா தொட்டுக்கிட்டு வரணும், அப்போதான் ரிம்முல இருக்கிற தண்ணி வழிச்சுப் போகும், இறக்கத்துல வேகமே வேணாம்.

அந்தப் பையனைப் பத்திக் கேட்பீங்க. மாவுக்கட்டு பிரிச்ச பிறகு அவன் அம்மாவைப் பார்க்கப் போனோம். சைக்கிளைச் சரியா செஞ்சிருக்கோம், வேணாம்னா பரவாயில்லைன்னு சொன்னோம். அவங்க ரொம்ப நேரம் பேசலை. பையன்தான் சைக்கிளைச் சுத்திச் சுத்தி வந்தான். கடைசியில அவங்க, "அவனுக்கும் சொல்லிக் குடுங்க அண்ணே, அவனே பார்த்து ஓட்டட்டும்" என்றாங்க. அந்த ஞாயிறுல இருந்து எங்க போர்ச்சுக்கு வர ஆரம்பிச்சான். ஆரம்பத்துல ஸ்பேனர் எடுத்துத் தருவான், அவ்வளவுதான். இப்போ படிவம் ஒண்ணு வரை வந்தாச்சு. வாளித் தண்ணி ஊத்துறது அவன் வேலை. போன மாசம் நாங்கள் சரின்னு சொன்ன ஒரு சைக்கிளை, "அங்கிள், பின் பிரேக் லேசா வழுக்குது" என்று திருப்பி விட்டான். பார்த்தோம். அவன் சொன்னது சரிதான், கேபிள் இறுக்கம் பத்தலை. வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

இதுவரைக்கும் பத்தொன்பது சைக்கிள் எங்க போர்ச்சுல இருந்து போயிருக்கு. அந்த முதல் சைக்கிள் படம் இன்னும் ஃபோன்ல இருக்கு. பூ சுத்தி, ரிம் மின்ன, பையன் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அதை அழிக்கலை. எப்பவாவது அவசரமா ஒரு சைக்கிளைக் கொடுத்திடலாம்னு தோணும்போது எடுத்துப் பார்ப்போம்.

அதனால பக்தர்களே, உங்க வீட்டுல சும்மா நிக்கிற சைக்கிள் இருந்தா ஞாயித்துக்கிழமை காலை பூஜைக்கு வரும்போது கொண்டு வாங்க. பெயிண்ட் அடிக்க வேணாம், துருவோடயே வரட்டும், பரவாயில்லை. ஆயுத பூஜைக்குள்ள எத்தனை முடியுதோ அத்தனை கொடுப்போம். முடியாதது அடுத்த மாசம் போகும். கைவேலை கத்துக்க விருப்பம் உள்ள பிள்ளைங்க, பெரியவங்க யாரா இருந்தாலும் எங்க போர்ச்சுக்கு வரலாம். தேத்தண்ணி உண்டு.

போன வெள்ளிக்கிழமை கேட்ட அந்த அண்ணனுக்கும் இதுதான் பதில். உங்க மனசு பெருசு, அதுல எங்களுக்குச் சந்தேகம் இல்லை. சைக்கிளை மட்டும் ஒரு தடவை பார்த்துடுறோம்.

அம்மன் எல்லாப் பிள்ளைகளுக்கும் துணை இருக்கட்டும்.

ஓம் சக்தி. பராசக்தி.